பிளாஸ்டிக்கா, உலோகமா, விலா வழிக் குழாயா: மாற்றுக் கல்லீரலின் பித்தக்குழாய் சுருங்கினால் எதைத் தேர்வது?

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில், பித்தம் தேங்குவதைக் காட்டிக்கொடுக்கும் ஏ.எல்.பி., ஜி.ஜி.டி. என்ற அளவுகள் ஏறியிருக்கின்றன என்பார்கள். ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பதைத் தவிர உடம்பில் வேறு எதுவும் தெரியாது. ஒரு ஸ்கேன், அப்புறம் இன்னொரு ஸ்கேன். கடைசியில் பித்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, எண்டோஸ்கோபி வழியாக ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழல்) வைக்க வேண்டும் என்ற பதில் வரும். பிளாஸ்டிக் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உலோகம் என்றால் தடவைகள் குறையும், இரண்டும் முடியாவிட்டால் விலா வழியாகக் குழாய் போட வேண்டும் என்று மூன்று வழிகளைச் சொல்லி, கையெழுத்துப் போடப் படிவத்தை நீட்டுவார்கள்.

இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் வாசகர்கள் பலர் கேட்கிறார்கள்: எது நல்லது, பிளாஸ்டிக்கா, உலோகமா? கேள்வி நியாயமானது, ஆனால் வரிசையில் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. சுருக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. அந்த இடத்துக்கு எண்டோஸ்கோப் போய்ச்சேருமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால், ஸ்டென்ட் எந்தப் பொருளில் இருக்க வேண்டும் என்பது பாதி நேரம் தானாகவே முடிவாகிவிடும்.

## அதற்கும் முன்னால்: இது சுருக்கம்தானா?

மாற்றுக் கல்லீரலில் ரத்த அளவுகள் ஏறினால் இன்னும் இரண்டு காரணங்களை யோசிக்க வேண்டும். ஒன்று, உடல் புதிய உறுப்பை ஏற்க மறுக்கும் நிராகரிப்பு. இன்னொன்று, கல்லீரல் தமனியில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்வது. நிராகரிப்புக்கு ஸ்டீராய்டு அளவைக் கூட்டுவார்கள். உண்மையில் இருப்பது குழாய் அடைப்பும் அதற்குப் பின்னால் தேங்கிய கிருமியும் என்றால், கூட்டிய ஸ்டீராய்டு நிலைமையை மோசமாக்கும். அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தமனியைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் கல்லீரலில் துளி சதை எடுத்துச் சோதிப்பதும் வீண்வேலை இல்லை.

சாதாரண அல்ட்ராசவுண்டில் குழாய் விரியவில்லை என்று வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதி சீக்கிரம் வந்துவிட்ட நிம்மதி. சொந்தக் கல்லீரலில் கீழே அடைத்தால் மேலே குழாய் வீங்கித் தெரியும். மாற்றுக் கல்லீரலில் நல்ல அடைப்பு இருந்தும் குழாய் விரியாமலே இருக்கலாம். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.சி.பி. எடுத்துப் பார்ப்பதுதான் சரி. அது காந்த ஸ்கேனிலேயே பித்தக்குழாய்களை மட்டும் மரக்கிளைபோல வரைந்து காட்டிவிடும், உள்ளே எதையும் விடத் தேவையில்லை. வாய் வழியாகப் பித்தக்குழாயை எட்டும் ஈ.ஆர்.சி.பி. எனப்படும் எண்டோஸ்கோபி முறையை வெறுமனே கண்டுபிடிப்பதற்காகச் செய்த காலம் போய்விட்டது. இன்று அதைச் சிகிச்சைக்காகத்தான் செய்ய வேண்டும்.

## முடிவை நிர்ணயிக்கும் ஆறு விஷயங்கள்

இடம். கொடையாளரின் குழாயையும் நோயாளியின் குழாயையும் தைத்த இடத்திலோ, அதை ஒட்டி 5 மில்லிமீட்டருக்குள்ளோ இருப்பது இணைப்புச் சுருக்கம். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், குட்டையாக இருக்கும், முதல் ஓராண்டுக்குள் தலைகாட்டும். அதற்கு மேலே கல்லீரலுக்குள் பல இடங்களில் நீளநீளமாக வருவது வேறு வகை. இந்தப் பிரிவினைதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

காரணம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. நம் சொந்தப் பித்தக்குழாய்க்குக் கல்லீரல் தமனி தவிர, கீழே முன்சிறுகுடல் பக்கமிருந்து ஏறிவரும் சிறு ரத்தக்குழாய்களும் கைகொடுக்கின்றன. கல்லீரலைக் கொடையாளரிடமிருந்து எடுக்கும்போது அந்தக் கீழ்வழி அறுந்துவிடும். புதிய கல்லீரலின் குழாய்க்கு அப்புறம் தமனி ஒன்றே கதி. குழாயின் நுனி தமனியிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே ரத்தம் மெலிகிறது, ஆறும்போது தழும்பு இறுகுகிறது. இது இணைப்புச் சுருக்கம். தமனியே அடைத்துவிட்டாலோ, கல்லீரல் ஐஸில் நெடுநேரம் காத்திருந்தாலோ, இதயத்துடிப்பு நின்ற பிறகு தானமாக எடுக்கப்பட்டிருந்தாலோ, மேலே உள்ள கிளைகளும் சேர்ந்து பட்டினி கிடக்கின்றன. முதல் வகையில் கோளாறு தையலோடு நிற்கிறது. இரண்டாவதில் குழாயின் சுவரே நலிந்துபோயிருக்கிறது. ஸ்டென்ட் ஒரே பொருள்தான், அது பழுதுபார்க்க வேண்டிய விஷயம் ஒன்றல்ல.

காலம். அறுவை முடிந்து முதல் மாதத்துக்குள் வரும் சுருக்கத்துக்கு வீக்கமோ தையல் கோளாறோ காரணமாக இருக்கலாம். அந்தப் புதுத் தையலைப் பலூனால் பலமாக விரித்தால் பிய்ந்துவிடும். மென்மையாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்டை வைத்துக் காத்திருப்பதே வழக்கம்.

குழாயின் அகலமும் எண்ணிக்கையும். மூளைச்சாவு அடைந்தவரின் முழுக் கல்லீரல் என்றால் பெரும்பாலும் ஒரே இணைப்பு, ஓரளவு அகலமான குழாய். உயிருள்ள உறவினர் ஈரலின் வலப்பக்கத்தைக் கொடுத்திருந்தால் குழாய் சின்னது. சிலநேரம் இரண்டு குழாய்களைத் தனித்தனியே தைத்திருப்பார்கள். மாற்றிய ஈரல் வளர வளர இணைப்பு கோணலாக வளைந்தும் போகும். முழுக் கல்லீரல் பெற்றவர்களில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் பேருக்குச் சுருக்கம் வருகிறது. உயிருள்ள கொடையாளரிடம் பெற்றவர்களில் இது 30 சதவீதத்தைத் தொடுவதற்கு இந்தச் சின்னக் குழாய்களும் ஒரு காரணம்.

தைத்த விதம். குழாயைக் குழாயோடு தைத்திருந்தால் வாய் வழியாகப் போகும் எண்டோஸ்கோப் எளிதில் எட்டும். குழாயைச் சிறுகுடலின் ஒரு வளைவோடு தைத்திருந்தால் பாதை நீளம், வளைவுகள் அதிகம், வழக்கமான கருவி எட்டாது.

கூடவே கசிவு இருக்கிறதா. இணைப்பிலிருந்து பித்தம் கசிந்தால் ஸ்டென்டுக்கு இரண்டு வேலை. முதலில் கசிவு மூட வேண்டும், விரிப்பது அப்புறம்.

திரும்பி வர முடியுமா. மருத்துவக் காரணமாகத் தோன்றாத காரணம் இது. ஆனால் குறித்த தேதியில் திரும்ப வராதவருக்கு, வைத்த ஸ்டென்டே அடுத்த அடைப்பு ஆகிறது. ஊர் தூரம், வேலை, கூட வர ஆள் என எல்லாமே கணக்கில் சேரும். மருத்துவரிடம் இதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

## வழி ஒன்று: பலூன் மட்டும்

மெல்லிய கம்பியைச் சுருக்கத்தைத் தாண்டி மேலே செலுத்தி, அதன்மேல் பலூனை ஏற்றி ஊதி விரித்துவிட்டு வெளியே வருவது. உள்ளே எதையும் விட்டுவைக்காததால் எடுக்க வேண்டிய பொருளும் இல்லை, மறக்க வேண்டிய பொருளும் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தழும்புத் திசு ரப்பர் குணம் உடையது. இழுத்து விட்டால் திரும்பச் சுருங்கும். பலூன் மட்டும் செய்தவர்களுக்குச் சுருக்கம் திரும்புவது அதிகம் என்பதால் இதைத் தனிச் சிகிச்சையாக நம்புவது குறைந்துவிட்டது. லேசான சுருக்கம், அல்லது ஸ்டென்ட் எடுத்த பிறகு எஞ்சியிருக்கும் சிறு இடுக்கு, அல்லது ஸ்டென்ட் நுழைய முடியாத சின்னக் கிளை என்றால் இது போதலாம். மற்ற இடங்களில் பலூன் ஸ்டென்டுக்கு முன்னோடி மட்டுமே.

## வழி இரண்டு: பல பிளாஸ்டிக் ஸ்டென்டுகள்

பிளாஸ்டிக் ஸ்டென்டை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பித்தக்குழாயில் வைக்கிறார்கள். எளிய குழல், விலை குறைவு, எங்கே வைத்தாலும் திரும்ப எடுத்துவிடலாம். பித்தக்குழாயில் வைப்பதில் வழக்கமான பெரிய அளவு 10 பிரெஞ்ச், அதாவது 3.3 மில்லிமீட்டர் தடிமன். ஒன்றே ஒன்று வைத்தால் பித்தம் வடியும், சுருக்கம் அகலாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் பலூனால் விரித்து, முன்னிலும் கூடுதலான ஸ்டென்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்குகிறார்கள். முதலில் ஒன்றோ இரண்டோ, அடுத்து இரண்டோ மூன்றோ, குழாய் இடம் கொடுக்கும்வரை. சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, மொத்தம் ஏறத்தாழ ஓராண்டு வைத்திருப்பார்கள்.

பலூன் ஊதும் அந்த அரை நிமிடத்தை எக்ஸ்ரே திரையில் பார்த்தால் எல்லாம் விளங்கும். பலூனுக்குள் நிறமருந்து ஏற ஏற, இரண்டு முனையும் உப்பி, நடுவில் மட்டும் உடுக்கைபோல ஓர் இடுப்பு நிற்கும். அந்த இடுப்புதான் தழும்பு. அழுத்தம் கூடக் கூட அது மெல்லத் தளர்ந்து மறையும். சிலநேரம் மறையாது. அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொண்டு, கொள்ளும் ஸ்டென்டை வைத்துவிட்டு வருவதுதான் நல்ல கைகாரரின் அடையாளம். "இன்றைக்கே முழுசாக விரித்துவிடுங்கள்" என்று குடும்பத்தார் கேட்பது உதவாது.

எங்கே இது முந்துகிறது. சின்னக் குழாய், கோணல் குழாய், இரண்டு இணைப்புகள். ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு ஸ்டென்ட் வைக்கலாம், எந்தக் கிளையும் மூடாது. உயிருள்ள கொடையாளரின் ஈரல் பெற்றவர்களுக்கு இதுவே பெரும்பாலும் முதல் தேர்வு. பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்தில் உள்ள குடல்வாய்த் தசைக்கு மேலேயே, குழாய்க்குள்ளேயே ஸ்டென்டை முழுதாக வைத்து, எடுப்பதற்கு ஒரு நூலை மட்டும் குடலில் தொங்கவிடும் முறையும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் இதை நிறையச் செய்கிறார்கள். குடலில் உள்ளது மேலே ஏறிவந்து ஸ்டென்டை அடைப்பது குறைகிறது என்பது அதன் தர்க்கம்.

மறைந்திருக்கும் செலவு. தடவைகள். ஒவ்வொரு மாற்றமும் ஒரு முழு ஈ.ஆர்.சி.பி.: மயக்கம், பட்டினி, ஆன்டிபயாட்டிக், கூட வருபவரின் ஒரு நாள். ஈ.ஆர்.சி.பி. செய்வோரில் நூற்றுக்கு 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வரலாம் என்பது பொதுவான கணக்கு. முதல் முறையே குடல்வாய்த் தசையைச் சிறிது வெட்டிவிட்டால் அடுத்த முறைகளில் ஆபத்து குறையும், ஆனால் பூஜ்யமாகாது. அப்புறம் அடைப்பு: பிளாஸ்டிக் குழலுக்குள் கிருமிப் படலமும் கசடும் சேர்ந்து மூன்று மாத அளவில் அடைக்கத் தொடங்கும். பல ஸ்டென்டுகள் இருந்தால் ஒன்றுக்கொன்று இடுக்கில் பித்தம் வழிவதால் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும். அதை நம்பித் தேதியைத் தள்ளிப்போடக் கூடாது.

## வழி மூன்று: முழுதும் உறையிட்ட உலோக ஸ்டென்ட்

நிக்கல்-டைட்டானியம் கம்பி வலை, மேலே சிலிக்கோன் போன்ற உறை. மடித்து உள்ளே கொண்டுபோய் விட்டால் தானாக விரிந்து 8 அல்லது 10 மில்லிமீட்டர் அகலம் எடுத்துக்கொள்ளும். 10 பிரெஞ்ச் பிளாஸ்டிக் குழல்களை மூன்று முறை வந்து அடுக்கிப் பெறும் விரிவை ஒரே முறையில் தரும். பொதுவாக 3 முதல் 6 மாதம் வைத்திருந்து எடுத்துவிடுவார்கள். உறையிடாத உலோக ஸ்டென்டை இங்கே வைக்கக் கூடாது. வலையின் கண்களுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொண்டால் எடுக்கவே முடியாது. "உலோக ஸ்டென்ட்" என்று மருத்துவமனையில் சொன்னால் முழுதும் உறையிட்டதா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த சோதனையில் புற்றுநோய் அல்லாத பித்தக்குழாய்ச் சுருக்கம் உள்ள 112 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் 73 பேர் கல்லீரல் மாற்று செய்துகொண்டவர்கள். சுருக்கம் தீர்ந்தவர்கள் பிளாஸ்டிக்கில் 85.4 சதவீதம், உலோகத்தில் 92.6 சதவீதம். புள்ளியியல் மொழியில் உலோகம் பின்தங்கவில்லை என்றே இதைப் படிக்க வேண்டும், ஜெயித்துவிட்டது என்றல்ல. பெரிய வித்தியாசம் தடவைகளில்: சராசரி ஈ.ஆர்.சி.பி. எண்ணிக்கை பிளாஸ்டிக்கில் 3.24, உலோகத்தில் 2.14. முக்கியமான ஒன்று: அந்தச் சோதனையில் குழாய் குறைந்தது 6 மில்லிமீட்டர் அகலமாவது இருப்பவர்களை மட்டுமே எடுத்தார்கள். சின்னக் குழாய்க்காரர்கள் அந்தக் கணக்கில் இல்லை. விளம்பரத் துண்டுத்தாள்களில் இந்த ஒரு வரி மட்டும் எப்படியோ விடுபட்டுப்போகும்.

மறுபக்கமும் உண்டு. கல்லீரல் மாற்று செய்தவர்களை மட்டும் வைத்து பிரேசிலில் நடந்து 2018-ல் வெளியான ஒரு சோதனையில், எடுத்த பிறகு சுருக்கம் திரும்பியது உலோகக் குழுவில்தான் அதிகம். ஒரு பக்கம் தடவைகள் குறைகின்றன, இன்னொரு பக்கம் பலன் நிலைப்பதில் சந்தேகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் கருத்து இதுதான்: அகலமான ஒற்றைக் குழாய், குட்டையான இணைப்புச் சுருக்கம் என்றால் உலோகம் நியாயமான தேர்வு. அதை அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டாம். மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக்கின் பொறுமைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு. நழுவுதல் முதலாவது. உறை வழவழப்பாக இருப்பதால் திசு பிடிக்காது. எடுக்க எளிதாக இருப்பதற்கும் நழுவிப்போவதற்கும் ஒரே காரணம். கீழே நழுவினால் பெரும்பாலும் குடல் வழியாக வெளியேறிவிடும். மேலே ஏறினால் தேடிப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டிலும் சிக்கல், நழுவியது தெரியாமல் நாட்கள் ஓடுவது. ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே ஸ்டென்ட் இடத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, கிளையை மூடுதல்: உறையிட்ட குழல் பக்கக் கிளையின் வாயில் உட்கார்ந்தால் அந்தப் பகுதி ஈரல் தேங்கும். மூன்றாவது, ஸ்டென்டின் மேல்முனை உரசும் இடத்தில் புதிதாக ஒரு சுருக்கம் உருவாவது. இடுப்புக் குறுகலாகச் செய்து, குழாய்க்குள்ளேயே நிற்கும்படி நீண்ட நூலோடு வரும் குட்டை உலோக ஸ்டென்டுகள் நழுவலைக் குறைக்கவே வந்தவை.

இங்கே ஒரு சின்ன ஆறுதல். சாதாரண நோயாளிகளுக்கு உறையிட்ட ஸ்டென்ட் பித்தப்பையின் வாயை மூடிப் பித்தப்பை அழற்சியைக் கொண்டுவரலாம். மாற்றுக் கல்லீரலில் பித்தப்பையை ஏற்கெனவே எடுத்துவிடுவதால் அந்தக் கவலை இங்கே இல்லை.

## வழி நான்கு: விலா இடுக்கு வழியாக வெளிக்குழாய்

வலப்பக்க விலா இடுக்கில் ஊசி செலுத்தி, கல்லீரல் வழியாகப் பித்தக்குழாய்க்குள் நுழைந்து, சுருக்கத்தைத் தாண்டிக் குடல்வரை ஒரு குழாயை இறக்குவது. இதைச் செய்பவர் கதிரியக்கப் பிரிவு மருத்துவர். குடலோடு தைத்தவர்களுக்கும், எண்டோஸ்கோப்பில் கம்பி தாண்டாதவர்களுக்கும், கிருமி ரத்தத்தில் பரவிக் காய்ச்சலில் படுத்திருக்கும்போது அவசரமாக வடிக்க வேண்டியவர்களுக்கும் இதுதான் வழி. சிலருக்கு இது பாலமாகவே உதவும்: மேலிருந்து கம்பியை இறக்கி, கீழே எண்டோஸ்கோப்பில் காத்திருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டால் மீதிச் சிகிச்சையை வாய் வழியாகவே தொடரலாம்.

குழாய் விரியாத ஈரலில் ஊசிக்குக் குறி சிக்குவது கடினம். அல்ட்ராசவுண்டை ஏமாற்றிய அதே குணம் இங்கேயும் தொல்லை தருகிறது. ரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் சாத்தியம்.

இதன் உண்மையான விலை அன்றாடத்தில். பக்கத்தில் தொங்கும் குழாய், சில நேரம் ஒரு பை, தோலில் எரிச்சல், குழாய் வெளியே நுழையும் இடத்தைச் சுற்றித் தினமும் கட்டு மாற்றுவது, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமை, குளிக்கும்போது பிளாஸ்டிக் தாள் சுற்றுவது. சில வாரங்களுக்கு ஒருமுறை குழாயையும் மாற்ற வேண்டும், இப்படிப் பல மாதங்கள் போகலாம். பித்தம் முழுக்க வெளியே வடிந்தால் நீரும் உப்பும் போய் உடல் சோர்ந்துவிடும். முடிந்தவரை குடலுக்குள் வடியும்படி செய்துகொள்வதும், தினமும் எவ்வளவு வடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் உதவும்.

குடலோடு தைத்தவர்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. 2001-ல் ஜப்பானில் அறிமுகமான இரட்டை பலூன் முறையில், நீண்ட எண்டோஸ்கோப் குடலைத் தன்மேல் மடித்துக்கொண்டே முன்னேறி அந்த வளைவை எட்டிவிடலாம். அனுபவமுள்ள குழு இருந்தால் விலாவைத் துளைப்பதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்கலாம். நேரம் அதிகம் ஆகும், ஒவ்வொரு முறையும் எட்டும் என்று உத்தரவாதம் இல்லை.

## வழி ஐந்து: மறுபடி அறுவை

குழாயோடு தைத்ததைப் பிரித்துக் குடலோடு தைப்பது ஒன்று. கல்லீரலையே மறுபடி மாற்றுவது இன்னொன்று. முதலாவது, எண்டோஸ்கோபியும் விலா வழியும் பலன் தராத இணைப்புச் சுருக்கத்துக்கு. இரண்டாவது, தமனி அடைத்து, ஈரலுக்குள் குழாய்கள் பரவலாகக் கெட்டு, மாதம் தவறாமல் கிருமிக் காய்ச்சலில் படுப்பவர்களுக்கு. இந்த இரண்டாவது குழுவுக்கு ஸ்டென்ட் ஒரு காத்திருப்பு ஏற்பாடு மட்டுமே. அதை வெளிப்படையாகச் சொல்லி, மறுமாற்றுக்கான பட்டியலைப் பற்றிய பேச்சைச் சீக்கிரமே தொடங்கும் மருத்துவர்தான் உங்களுக்கு நல்லது செய்கிறார். குடலோடு தைத்துவிட்டால் எதிர்காலத்தில் வழக்கமான வாய் வழி எண்டோஸ்கோபி எட்டாது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | பலூன் மட்டும் | பல பிளாஸ்டிக் | உறையிட்ட உலோகம் | விலா வழிக் குழாய் |
|---|---|---|---|---|
| பொருத்தமான இடம் | லேசான, எஞ்சிய சுருக்கம் | இணைப்பு, சின்னக் குழாய், பல கிளைகள் | அகலமான ஒற்றைக் குழாயின் இணைப்பு | எண்டோஸ்கோப் எட்டாதவை, அவசர வடிப்பு |
| தடவைகள் | குறைவு, ஆனால் திரும்ப வரலாம் | அதிகம், 3 மாதத்துக்கு ஒருமுறை | குறைவு, வைக்க ஒன்று, எடுக்க ஒன்று | பல குழாய் மாற்றங்கள் |
| மொத்தக் காலம் | ஒரு நாள் | சுமார் ஓராண்டு | 3 முதல் 6 மாதம் | பல மாதங்கள் |
| முக்கியத் தொல்லை | சுருக்கம் திரும்புதல் | அடைத்துக் காய்ச்சல் | நழுவுதல், கிளை மூடுதல் | வெளிக்குழாய், தொற்று, கசிவு |
| குழாய் 6 மி.மீ.க்குக் கீழ் | முடியும் | முடியும் | பொதுவாக வேண்டாம் | முடியும், ஆனால் கடினம் |
| தேதி தவறினால் | பொருட்டில்லை | ஆபத்து | ஆபத்து | ஆபத்து |

ஈரலுக்குள் பரவிய சுருக்கங்களை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. அங்கே எந்த வழியும் இணைப்புச் சுருக்கத்தில் தரும் பலனைத் தராது. எந்தக் கிளை பெரியதோ, எது அடைத்துத் தொல்லை தருகிறதோ, அதை மட்டும் குறிவைத்து விரிப்பார்கள். மேலே கட்டியாகத் தேங்கிய பித்தக் கசடை எடுப்பதே சிலருக்குப் பாதிச் சிகிச்சை.

## எந்த வழியிலும் கூடவே வரும் செலவுகள்

சம்மதப் படிவத்தில் இவை பெரிய எழுத்தில் இருக்காது. மாற்று செய்துகொண்டவருக்கு மட்டும் உரியவை என்பதால் பொதுவான ஈ.ஆர்.சி.பி. விளக்கத்தாள்களிலும் வராது.

அரிப்புக்குத் தரும் மருந்துகளில் ஒன்று ரிஃபாம்பிசின். அது நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸை உடலிலிருந்து வேகமாகக் கழித்துவிடும். அளவு சரிந்தால் நிராகரிப்பு வரலாம். இன்னொன்று கொலஸ்டிரமின் தூள். அது இன்னொரு நிராகரிப்புத் தடுப்பு மருந்தான மைக்கோஃபினோலேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில், பித்தத்தில் பூஞ்சை வந்து ஃப்ளூகோனசோல் கொடுத்தாலோ, கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலோ டாக்ரோலிமஸ் அளவு ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இதையெல்லாம் மாற்றுச் சிகிச்சைக் குழு அறிந்திருக்கும். அவசரத்தில் பக்கத்து மருத்துவரோ மருந்துக்கடையோ எழுதித் தரும்போதுதான் நழுவும். எந்தப் புது மருந்து தொடங்கினாலும் டாக்ரோலிமஸ் அளவு எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கணைய அழற்சியைத் தடுக்க ஈ.ஆர்.சி.பி. நேரத்தில் ஆசனவாய் வழியாக இண்டோமெத்தசின் அல்லது டைக்ளோஃபெனாக் மாத்திரை வைப்பது இப்போது வழக்கம். ஒரே ஒரு முறைதான் தருகிறார்கள். டாக்ரோலிமஸால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குத் தரலாமா என்பதை எடைபோட வேண்டும். சிறுநீரக நிலையைக் காட்டும் உங்கள் கடைசி கிரியாட்டினின் அளவு கையில் இருந்தால் அந்த முடிவு எளிது. கல்லீரல் தமனிக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம். வேறு ரத்தம் இளக்கும் மருந்துகள் இருந்தால் எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டினி இருக்கச் சொன்ன காலையில் நிராகரிப்புத் தடுப்பு மருந்தையும் சேர்த்து விட்டுவிடுபவர்கள் உண்டு. ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்கலாமா, ரத்தம் கொடுத்த பிறகா என்பதை முந்தைய நாளே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

காய்ச்சல், நடுக்கம், கண் மஞ்சள், கறுத்த சிறுநீர் வந்தால் ஸ்டென்ட் அடைத்திருக்கலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள் காய்ச்சலையும் அடக்கிவிடுவதால் தெர்மாமீட்டர் பெரிதாக ஏறாமல் சோர்வும் குழப்பமும் மட்டும் தெரியலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வரை பார்ப்போம் என்பது இந்த ஒரு விஷயத்தில் கூடாது.

## யாருக்கு எது

ஒரே குழாய், அகலமானது, தைத்த இடத்தில் குட்டைச் சுருக்கம், அடிக்கடி வந்துபோவது சிரமம்: உறையிட்ட உலோகம். இடையில் ஓர் எக்ஸ்ரே, எடுக்கும் தேதி முன்பே குறித்தது.

உறவினர் கொடுத்த வலப்பக்க ஈரல், சின்ன அல்லது இரட்டைக் குழாய்: பிளாஸ்டிக், ஓராண்டு பொறுமையோடு.

அறுவை முடிந்து சில வாரங்களே ஆனவர், கசிவும் சேர்ந்தவர்: மென்மையாக ஒரு பிளாஸ்டிக், விரிப்பது பின்னால்.

குடலோடு தைத்தவர்: பலூன் எண்டோஸ்கோப் வசதியுள்ள மையம், இல்லையென்றால் விலா வழி.

கம்பியே தாண்டாமல் முழுதும் மூடிக்கொண்டவர்: ஊசிபோல மெலிந்த எண்டோஸ்கோப்பைப் பித்தக்குழாய்க்குள்ளேயே செலுத்தி, ஓட்டையைக் கண்ணால் பார்த்துக் கம்பி கடத்தும் வசதி சில இடங்களில் இருக்கிறது. அதுவும் முடியாதபோது, சுருக்கத்தின் இருபுறமும் ஒவ்வொரு காந்தத்தை வைத்து, இடையில் உள்ள திசுவை அவை அழுத்தித் தேய்த்து வழி திறக்கும் முறையை ஜப்பானிலும் கொரியாவிலும் செய்கிறார்கள். அறுவைக்குப் போகும் முன் இந்த இரண்டும் தெரிந்த குழுவிடம் ஒரு கருத்துக் கேட்கலாம்.

தமனி அடைத்து ஈரலுக்குள் பரவியவர்: அடைத்த கிளைகளுக்கு மட்டும் ஸ்டென்ட், கூடவே மறுமாற்றுப் பேச்சு.

கையெழுத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. சுருக்கம் தைத்த இடத்திலா, மேலேயா? தமனி திறந்திருக்கிறதா? என் குழாய் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை இணைப்பு? எந்த ஸ்டென்ட், எந்தத் தேதியில் எடுப்பது, அந்தத் தேதியை யார் நினைவூட்டுவார்? கடைசிக் கேள்விக்கு மருத்துவமனையில் பதில் தெளிவாக இல்லையென்றால் நீங்களே போன் நாட்காட்டியில் இரண்டு வாரம் முன்னதாக ஒரு நினைவூட்டல், வீட்டில் இன்னொருவர் போனிலும் ஒன்று போட்டுவிடுங்கள். மறந்துபோன ஸ்டென்டுகள் எங்கும் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அவற்றைச் சுற்றிக் கல்லே கட்டிவிடும்.

ஸ்டென்ட் எடுத்த பிறகும் முதல் ஓராண்டுக்கு ஏ.எல்.பி., ஜி.ஜி.டி.யை விடாமல் பார்க்க வேண்டும், சுருக்கம் திரும்புவதென்றால் அந்தக் காலத்தில்தான் பெரும்பாலும் திரும்பும். திரும்பினால் எண்டோஸ்கோபி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. இணைப்புச் சுருக்கம் திரும்பியவர்களுக்கும் இன்னொரு சுற்று ஸ்டென்டில் பலன் கிடைப்பது சாதாரணம். முதல் சுற்றில் உலோகம் வைத்து நழுவியிருந்தால் இரண்டாவது சுற்றுக்குப் பிளாஸ்டிக்கை யோசிக்கலாம், பிளாஸ்டிக்கில் திரும்பியவருக்குக் குழாய் இப்போது அகலமாகியிருந்தால் உலோகத்தையும்.